வலது தோளுக்கு வந்த தபால்

மார்ச் 4

நாத்தனார் மிளகாவுக்கு,

அண்ணி எழுதுறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாதே. கிழிக்கிறதா இருந்தாலும் படிச்சுட்டுக் கிழி. தபால்காரர் வெயில்ல தூக்கிட்டு வந்ததுக்காவது ஒரு மரியாதை வேணும்ல. ஏழு வருஷம் ஆச்சு. "அந்த வீட்டுக் குரல் இனிமே என் காதுல விழக்கூடாது"ன்னு நீ சொல்லி அனுப்பினது மறக்கல. அதனாலதான் போன் பண்ணல. லெட்டருக்குக் குரல் கிடையாதே, இதுல உன் சபதம் உடையாதுன்னு நானே ஒரு நியாயம் பேசிக்கிட்டேன்.

விஷயத்துக்கு வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு, இல்லேன்னா மறந்துடும். அழுக்குத்துணி மூட்டை வைக்கிற மூலை இருக்கே, அங்க ஒரு கறுப்புக் கோழி குடி வந்திருக்கு. யாரு வீட்டுக் கோழின்னு தெரியல. போன மாசம் விடுதித் தலையணை உறைக்குள்ள முட்டை வச்சுட்டுப் போயிடுச்சு. நான் பார்க்காம அப்படியே கட்டி அனுப்பிட்டேன். மேனேஜர் மூட்டையைப் பிரிச்சுட்டு, "ஏம்மா, வெளுக்கத்தானே போட்டேன், டிபனும் சேர்த்து அனுப்புறீங்களே"ன்னார். உங்க அண்ணன் லாரியில போயிருந்தார். அவர் இருந்திருந்தா அன்னைக்கு முழுக்கச் சிரிச்சிருப்பார்.

ஆமா, இன்னும் அந்த விடுதித் துணிதான் நமக்குச் சோறு போடுது. துவைக்கிறது, காயப்போடுறது, தேய்க்கிறது. அதுலதான் இப்போ வினை வந்திருக்கு.

எனக்குக் கழுத்து வலி.

வலது பக்கம். காதுக்குப் பின்னாடி கிளம்பி, கழுத்தோரமா இறங்கி, தோள்பட்டை எலும்புல வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துக்குது. கையைத் தூக்கினா முதுகுல அந்தப் பட்டை எலும்பு, சரியா மூடாத மேஜை டிராயர் மாதிரி வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது. இடது பக்கத்து எலும்பு வழவழன்னு சுத்திப் போகுது. வலது பக்கம் பாதி வழியில "கடக்"குங்குது. இறக்கும்போது இன்னும் மோசம், நடுங்கி நடுங்கி இறங்குது. இங்க ஆஸ்பத்திரியில ஒரு களிம்பு குடுத்தாங்க. வாசனை நல்லா இருந்துச்சு.

நீ பிசியோதெரபி கிளினிக்ல வேலை பார்க்கிறேன்னு கேள்விப்பட்டேன். உங்க டாக்டரம்மா இந்த மாதிரி கழுத்து வலியைக் கையைத் தூக்க வச்சே குணம் பண்றாங்களாமே. என்ன பயிற்சின்னு கேட்டு எழுதுவியா? இது இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை. இந்தக் கை போச்சுன்னா விடுதி வேலை அடுத்த வாரமே வேற வீட்டுக்குப் போயிடும். கோபத்தை ஒரு ஓரமா வச்சுட்டு எழுது. அப்புறமா எடுத்துக்கலாம், அது எங்க போயிடப் போகுது.

உன் அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

கிழிக்கல. ரெண்டு தடவை படிச்சேன்.

ஏழு வருஷமா நான் இருக்கேனா செத்தேனான்னு ஒரு வரி எழுதத் தோணல உங்களுக்கு. கழுத்து வலிச்சதும் நாத்தனார் ஞாபகம் வந்துடுச்சு. பரவாயில்ல. எந்த எலும்பு நகர்ந்தாவது ஞாபகம் வந்ததே.

இஸ்திரிப் பெட்டி எப்போ உங்க கைக்கு வந்துச்சு? எங்கம்மா அதை யாரையும் தொட விடமாட்டாங்களே. பதினஞ்சு வயசுல நான் ஒரு தடவை எடுத்ததுக்கு, "விரிப்பு மடிப்பு என் கைக்குத்தான் படியும்"னு பிடுங்கி வச்சாங்க. மருமகளுக்குன்னா குடுப்பாங்க போல. இன்னொண்ணு. உங்க முதுகை நீங்களே எப்படி அவ்வளவு விவரமாப் பார்த்தீங்க?

கேட்டீங்களேன்னு சொல்றேன். இங்க நான் கட்டிலுக்கு விரிப்பு மாத்துறேன், ஒத்தடப் பையைச் சூடு பண்றேன், வர்றவங்களுக்கு ரப்பர் பட்டையைக் கம்பியில கட்டி விடுறேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கழுத்தும் தோளும்தான் பார்க்கிறேன். உங்களுக்கு இருக்கிறது புது வியாதி இல்ல. டாக்டரம்மா சொல்வாங்க, கழுத்து கத்துது, ஆனா குத்தவாளி தோள்பட்டைன்னு. பட்டை எலும்பை முதுகோட பிடிச்சு வைக்கிற தசை தூங்கிடும். அந்த வேலையையும் சேர்த்துக் கழுத்து இழுக்கும்.

படம் வச்சிருக்கேன், ரெண்டு துண்டு. முதல் படம்: நேரா நின்னு, வலது கையில தண்ணி நிறைஞ்ச வாளியைப் பிடிச்சு, தோளைக் காது தொடுற வரைக்கும் தூக்கணும். இருபது தடவை. ரெண்டாவது: அதே கையில ஏதாவது கனத்தை வச்சுக்கிட்டுத் தலைக்கு மேல நீட்டணும். காலையில, சாயங்காலம்.

வலிக்கும். வலிச்சா நிறுத்தாதீங்க. வலி வந்தாத்தான் தசை முழிக்குதுன்னு அர்த்தம்.

மிளகா


ஏப்ரல் 2

மிளகாவுக்கு,

நீ பதில் போடுவேன்னு நான் நினைக்கல. தபால்காரர் கூப்பிட்டப்போ கையெல்லாம் சோப்பு நுரை. அப்படியே வாங்கினதுல கவர் பாதி நனைஞ்சுடுச்சு. உள்ளே எழுத்து கலையல. நல்ல பேனா வச்சிருக்கே.

முதுகைப் பார்த்தது ரெண்டு கண்ணாடி வச்சு. விடுதியில உடைஞ்சதுன்னு தூக்கிப் போட்ட கண்ணாடி ஒண்ணு, நம்ம வீட்டுக் கண்ணாடி ஒண்ணு. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வச்சுப் பார்த்தா, எனக்குள்ள நூறு அண்ணி வரிசையா நிக்கிற மாதிரி தெரிஞ்சுது. ஒருத்தியைச் சமாளிக்கவே இந்த வீடு திணறுது. பெட்டியை அத்தை குடுத்துட்டாங்க. வயசாச்சுல்ல. எல்லாத்தையும் ஒரு நாள் குடுத்துத்தானே ஆகணும்.

பயிற்சி நடக்குது. ஒரு நாள் விடல. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, துணியை உள்ள எடுத்த பிறகு ஒரு தடவை. முதல் வாரம் கழுத்தைத் திருப்பவே முடியல. பக்கத்துல யாராவது கூப்பிட்டா, நாற்காலியைத் திருப்புற மாதிரி உடம்பு மொத்தமும் திரும்புது. ரெண்டாவது வாரம் வலி கையில இறங்கிடுச்சு. ராணி எறும்பு ஒண்ணு தோள்ல உட்கார்ந்துக்கிட்டு மத்ததையெல்லாம் கைக்கு அனுப்புற மாதிரி இருக்காம். இருக்கு. நீதான் வலிக்கும்னு எழுதியிருந்தியே, அதனால பயப்படல.

ஒரே ஒரு சந்தேகம். படத்தோட வலது மேல் மூலையை ஏன் கத்தரிச்சிருக்கே? ரெண்டு துண்டுலயும் அதே மூலை. முதல் துண்டுல கத்தரி கொஞ்சம் தப்பி, செவப்பு மை நகக்கண் அளவுக்கு மிச்சம் இருக்கு. அங்க என்ன இருந்துச்சு? ஏதாவது முக்கியமா எழுதியிருந்து, அதைப் படிக்காம நாங்க தப்பாச் செஞ்சுடப் போறோமேன்னுதான் கேட்கிறேன்.

கோழி இப்போ அடைகாக்குது. அது உட்கார்ந்திருக்கிற மூட்டையைத் தொட்டா கையைக் கொத்துது. ஒரு வாரமா ஆறு துண்டு அழுக்காவே கிடக்கு. மேனேஜருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

மூலையில கிளினிக் பேர் இருந்துச்சு. வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம். அதான் வெட்டினேன். படத்துல இருக்கிறதைச் செய்யுங்க, இல்லாததைத் தேடாதீங்க.

வலி கையில இறங்கினா நல்லதுதான். இப்போ கூட்டணும். வாளி முப்பது தடவை. தூங்கும்போது வலது கையைத் தலைக்கு மேல வச்சுத் தூங்கணும். வெளிய தள்ளிட்டு நிக்கிற எலும்பை யாரையாவது முழங்காலால அழுத்தி உள்ள தள்ளச் சொல்லுங்க. உங்க மாமியார் இருக்காங்களே, அவங்களைச் சொல்லுங்க. எதையும் வெளிய தள்ளிப் பழக்கம் அவங்களுக்கு இல்ல, அது உங்க வேலை. உள்ள தள்ளட்டும்.

நானும் ஒண்ணு கேட்கணும். ஏழு வருஷமாக் கேட்க நினைச்சது.

அன்னைக்கு மத்தியானம் நல்ல மழை. என் புருஷன் அடிச்சதுல வலது கண்ணு திறக்கல. டிரங்குப் பெட்டியைத் தோள்ல வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுலேருந்து நடந்தே வந்தேன். ஜன்னல்ல நீராவி தெரிஞ்சுது. யாரோ ஈரத்துணி தேய்ச்சுக்கிட்டு இருந்தீங்க. கதவைத் தட்டினேன். "அம்மா, நான்தான்"னேன். உள்ள இருந்து உங்க குரல் வந்துச்சு. "இங்க யாரும் இல்ல. வந்த வழியே போயிடு."

யாரும் இல்லாத வீட்டுல பேசினது யாரு அண்ணி?

போனேன். அவன்கிட்டயேதான் போனேன். வேற எங்க போறது? அதுக்கப்புறம் பதினாலு மாசம். எழுதினா உங்களுக்குத் தூக்கம் கெட்டுடும், கழுத்து வலிக்காரங்களுக்குத் தூக்கம் முக்கியம். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. எனக்கு இடது காது கேட்காது. அந்த வீட்டுக் குரல் என் காதுல விழக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினேனே, பாதி சபதத்தை அவனே நிறைவேத்தி வச்சுட்டான்.

முப்பது தடவை. மறக்காதீங்க.

மிளகா


மே 6

மிளகாவுக்கு,

உன் காது விஷயம் எனக்குத் தெரியாது. என்ன எழுதினாலும் பொய்யாத்தான் தெரியும். அதனால எழுதல. அந்தக் கதவைப் பத்தியும் இப்போ எழுதல. அதுக்கு வேற நாள் இருக்கு.

இப்போ கையைப் பத்தி எழுதுறேன். சுத்தி வளைக்காம எழுதுறேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு உனக்கே தெரியும்.

கை இப்போ நெஞ்சு உயரத்துக்கு மேல போகல. தலை சீவ முடியல. ரவிக்கைக்குள்ள கையை நுழைக்க ஒரு ஆள் வேணும். சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் மரத்துப் போச்சு, கிள்ளினாத் தெரியல. போன வெள்ளிக்கிழமை விரிப்பு தேய்க்கும்போது பெட்டி கையிலேருந்து நழுவிக் கால் மேல விழுந்துடுச்சு. பெட்டி அளவுக்குத் தோல் உரிஞ்சு போச்சு. அப்பவும் கத்தல. முதல்ல குனிஞ்சு பார்த்தது விரிப்பு கருகிடுச்சான்னுதான்.

சாயங்காலம் வாளி எடுக்கிற நேரம் வந்துச்சு. விரல் மடங்க மாட்டேங்குது. பழைய விரிப்புல ஒரு பட்டி கிழிச்சு, வாளிக் கைப்பிடியையும் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டித்தான் முப்பது ஆச்சு. அப்படியாவது செய்யணுமாம்.

நான் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்கிறேன். நிறுத்தவா, வேண்டாமா? நிறுத்துன்னு நீ எழுதினா அந்த நிமிஷமே நிறுத்திடலாம். காரணம்கூட எழுத வேண்டாம். இந்தக் கை பிழைக்கிறதும் போறதும் இப்போ உன் பேனாவுலதான் இருக்கு. நல்லா யோசிச்சு எழுது மிளகா. அவசரமில்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சு எழுது.

அண்ணி


மே 17

அண்ணிக்கு,

இது நாலாவது பேப்பர். மூணைக் கிழிச்சுட்டேன்.

நேத்து இங்க ஒரு பாட்டுக் கச்சேரி வயலின்காரர் வந்தார். உங்களை மாதிரியே பட்டை எலும்பு. மூணு மாசத்துக்கு முன்னாடி வில்லைப் பிடிக்க முடியாம வந்தவர், நேத்து கையை முழுசாத் தூக்கி மின்விசிறியைத் தொடுற மாதிரி காட்டிட்டுப் போனார். டாக்டரம்மா கைதட்டினாங்க. நான் தட்டல. ஒத்தடப் பை கையில இருந்துச்சு.

நிறுத்தாதீங்க.

நாற்பது ஆக்குங்க.

அம்மா எப்படி இருக்காங்க? என் லெட்டரை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுறீங்களா? காட்டாதீங்க.

மிளகா


ஜூன் 1

மிளகாவுக்கு,

கோழி பொரிச்சுடுச்சு. ஏழு முட்டையில அஞ்சு குஞ்சு. ரெண்டு கூமுட்டையாப் போச்சு. அஞ்சும் இப்போ விடுதி விரிப்பு மேல ஊர்வலம் போகுது. சரி, எவ்வளவு நேரம்தான் கோழியையே பேசுறது.

வலி எனக்கு இல்ல. உங்கம்மாவுக்கு.

எனக்குக் கழுத்தும் நல்லா இருக்கு, தோளும் நல்லா இருக்கு. இப்போகூட ரெண்டு கையையும் தூக்கிக் கொடியில துணி போட்டுட்டுத்தான் வந்து எழுத உட்கார்ந்தேன். பெட்டியை அத்தை யாருக்கும் குடுக்கல. அறுபத்தொரு வயசுலயும் அவங்கதான் தேய்ச்சாங்க. கண்ணாடி ரெண்டு வச்சுப் பார்த்தேன்னது பொய். தினமும் அவங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு பார்த்தவ நான்.

மார்ச் மாசம் அவங்கதான் சொன்னாங்க. "எனக்குன்னு எழுதினா அவ பதில் போட மாட்டா. நீ உனக்குன்னு எழுது. கோபக்காரிதான், ஆனா வலின்னு கேட்டா மனசு தாங்காது. என் பொண்ணை எனக்குத் தெரியாதா"ன்னாங்க. எழுத்துத் தெரியாதவங்க, பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு வரியா எழுத வச்சாங்க. "டிராயர் மாதிரி"ங்கிறது அவங்க சொன்ன வார்த்தை. எறும்பும் அவங்க சொன்னதுதான்.

படத்தோட செவப்பு மூலை என்னன்னு எனக்கு மார்ச் மாசக் கடைசியிலேயே தெரியும். தடுப்பூசி போட வர்ற நர்சு ஜன்னல்ல சொருகியிருந்த துண்டைப் பார்த்துட்டு, "இதை ஏன் வச்சிருக்கீங்க? எங்க சுவத்துலயும் இந்தத் தாள் முழுசா ஒட்டியிருக்கு. ஒரு பக்கம் செய்ய வேண்டியது, இன்னொரு பக்கம் செய்யக் கூடாதது. இது கூடாதது. மேல செவப்புல பெருக்கல் குறி இருக்கும்"னாங்க. நான் சும்மா தெரிஞ்சுக்கத்தான் வச்சிருக்கேன்னேன். அப்புறம்தான் உனக்குக் கேட்டு எழுதினேன். கிளினிக் பேர்னு பதில் போட்டே. சரின்னு வச்சுக்கிட்டேன்.

தெரிஞ்சும் ஏன் நிறுத்தலன்னு கேட்பே. அதுக்குக் கதவைப் பத்திச் சொல்லணும்.

அன்னைக்கு நீ தட்டினப்போ தேய்ச்சுக்கிட்டு இருந்தது அவங்க. நான் மடிச்சுக்கிட்டு இருந்தேன். எழுந்து ஓடினேன். அவங்க எனக்கு முன்னாடி போய்த் தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டாங்க. "கட்டிக் குடுத்த பொண்ணு பெட்டியோட வந்தா ஊர் என்ன பேசும்? திறந்தா திரும்பிப் போக மாட்டா. நான் பேசினா என் குரல் உடைஞ்சுடும், திறந்துடுவேன். நீ சொல்லு. உன் குரல் உடையாது"ன்னாங்க. சொன்னேன். உடையத்தான் இல்ல. நீ போன பிறகு தெரு முழுக்க, "மருமக வாசல்லயே விரட்டிட்டா, நான் தூங்கிட்டு இருந்தேன்"னு அழுதாங்க. உங்க அண்ணன்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. அவர் மூணு மாசம் என்கிட்ட பேசல. குழாயடியில இன்னைக்கும் என்னைப் பார்த்தா பேச்சு நின்னுடும். ஏழு வருஷமா ஒரு தடவைகூட, "நான்தான் சொல்லச் சொன்னேன்"னு அவங்க வாய் திறக்கல.

அதனால நீ எழுதினே. நான் படிச்சுக் காட்டினேன். அவங்க செஞ்சாங்க. நாம மூணு பேரும் சண்டை போடாம சேர்ந்து செஞ்ச முதல் வேலை இதுதான்.

இருந்தாலும் போன தடவை உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன் பார். அது நிஜமாக் கேட்டது. காலைச் சுட்டுக்கிட்டு அவங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு கேட்டது. நீ நாற்பதுன்னு எழுதினே.

உன் திட்டையெல்லாம் படிச்சுக் காட்டல. "அம்மாவை ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க"ன்னு ஒவ்வொரு லெட்டர்லயும் நானே ஒரு வரி சேர்த்துக்கிட்டேன். அந்த வரிக்காகவே இருபதை முப்பதாச் செஞ்சாங்க.

அண்ணி


ஜூன் 9

அண்ணி அண்ணி,

எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. வாளியைத் தூக்கி எறிங்க. தலைக்கு மேல கை, முழங்கால், எதுவும் வேண்டாம்.

டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க திட்டல. "இனிமே இங்க யாரு உடம்பையும் தொடாதே"ன்னாங்க. இப்போ தரை மட்டும் துடைக்கிறேன். ஆனா எழுதிக் குடுத்திருக்காங்க. தாள் முழுசா வச்சிருக்கேன், வெட்டல, பாருங்க.

உட்காரும்போது வலது கை தொங்கக் கூடாது, மடிச்ச தலையணை மேல வைக்கணும். தோள் காதுப் பக்கம் ஏறவே கூடாது. சுவத்துக்கு எதிரா நின்னு, ரெண்டு உள்ளங்கையையும் நெஞ்சு உயரத்துல சுவத்துல வச்சு, முழங்கை மடங்காம மெல்லத் தள்ளணும். பட்டை எலும்பு ரெண்டும் விலாப் பக்கமா ஒட்டிப் போறது தெரியும். அஞ்சு தடவை போதும். கை தூக்கும்போது பின்னாடி ஒருத்தர் நின்னு, பட்டை எலும்பு மேல உள்ளங்கையை வச்சு, அது போற வழிக்குக் கூடவே மெதுவா நகர்த்திக் குடுக்கணும். அழுத்தக் கூடாது. வலிக்கவே கூடாது அண்ணி. வலிச்சா நிறுத்தணும்.

விரல் மரத்துப் போனதுக்கு இது போதாதாம். நரம்பு அமுங்கியிருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரியில காட்டணுமாம். நாள் போகப் போக அந்தக் கை திரும்பாதாம்.

போன் நம்பர் கீழ எழுதியிருக்கேன். அம்மாகிட்ட குடுங்க. உங்களை நான் என்ன சொல்றதுன்னு தெரியல. என்னையே என்ன சொல்றதுன்னும் தெரியல.

மிளகா


ஜூன் 22

மிளகாவுக்கு,

போன் போட்டுக் குடுத்தேன், உனக்கே தெரியும். பதினோரு நிமிஷம் ரெண்டு பேரும் அழுதீங்க. கையைப் பத்தி ஒரு வார்த்தை வரல. வச்சதும் அவங்க முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "வாளியைக் கொண்டா"ன்னாங்க.

உன் லெட்டரை மூணு தடவை படிச்சுக் காட்டிட்டேன். முழுத்தாளையும் காட்டினேன். நம்பல. "இது என் பொண்ணு எழுதினதில்ல. வலிக்கக் கூடாதுன்னு அவ எழுத மாட்டா, வலிக்கணும்னுதான் முதல்லேருந்து எழுதியிருக்கா. அவ லெட்டர்ல என்னைக் கேட்டதா ஒரு வரி இருக்கும், இதுல அது எங்க? நீ சொந்தமா எழுதிக்கிட்டு வந்து படிக்கிறே. எனக்குக் கை சரியாப் போச்சுன்னா பெட்டி உனக்கு வராதுன்னு உனக்குப் பயம்"னாங்க. அந்த வரியை இந்தத் தடவை சேர்க்க எனக்குத் தோணல பார். மூணு வரி பொய்யை நம்பினவங்க, ஒரு பக்கம் நிஜத்தை நம்பல.

ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேங்குறாங்க. "என் மக வைத்தியம் நடந்துக்கிட்டு இருக்கு. நடுவுல வேற கை பட்டா கெட்டுடும்"னு உங்க அண்ணனையே திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் பாவம், ரெண்டு பக்கமும் பார்த்துட்டு லாரியைக் கழுவப் போயிட்டார். நேத்து நான் முப்பதுல நிறுத்தி நாற்பதுன்னு சொன்னேன். கண்டுபிடிச்சுட்டு, மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சாங்க.

இதை நிறுத்தணும்னா ஒரு வழிதான் இருக்கு. முதல்ல வந்த தபால் எதுக்கு வந்துச்சுன்னு அவங்களுக்குச் சொல்லணும். நான் சொன்னா அதையும் என் கணக்குலதான் எழுதுவாங்க. நீ வா. வந்து, "அம்மா, அது அண்ணியைக் கெடுக்கிறதுக்கு நான் அனுப்பினது"ன்னு உன் வாயால சொல்லு. சொல்லிட்டேன்னா அந்த நிமிஷம் வாளி கீழ வந்துடும். அதுக்கப்புறம் அவங்க உன்னை எப்படிப் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அவர் லாரி உங்க ஊர் வழியாத்தான் திரும்புது. ஏறிக்கோ.

அண்ணி


ஜூலை 3

அண்ணிக்கு,

சொல்லாம கிளம்பினதுக்கு மன்னிச்சுக்குங்க. நீங்க குளத்துக்குப் போயிருந்தீங்க. முதல் பஸ்ஸைப் பிடிச்சுட்டேன்.

சொல்லணும்னுதான் வந்தேன். லாரியில அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து வழி முழுக்க உதட்டுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். எத்தனை வார்த்தைன்னுகூட எண்ணி வச்சிருந்தேன்.

நீங்க துணியை எடுக்கப் பின்பக்கம் போனதும் அம்மா என்னைப் பக்கத்துல உட்கார வச்சாங்க. என் இடது பக்கம்தான் உட்கார்ந்தாங்க. பேசினது எதுவும் எனக்குச் சரியா விழல. எழுந்து வலது பக்கம் மாறி உட்கார்ந்தேன். ஏன்னு கேட்கல. என் முதுகைத் தடவினாங்க, இடது கையால. அப்புறம் நான் அவங்க முதுகைத் தொட்டுப் பார்த்தேன். தினமும் பத்துப் பேர் முதுகைப் பார்த்தவதான் நான். பட்டை எலும்புக்கு மேல இருக்க வேண்டிய சதை இல்ல அண்ணி. குழி. என் மூணு விரல் உள்ள போச்சு.

"அம்மா, அந்த முதல் லெட்டர்..."னு ஆரம்பிச்சேன்.

"அது வந்த அன்னைக்கு நான் தூங்கவே இல்லடி"ன்னாங்க. "உன்னை நான் என்ன பண்ணினேன்னு எனக்குத்தான் தெரியும். அதுக்கப்புறமும் என் கையை நீ விட்டுடல பார்."

அவங்க அதைச் சொல்லிட்டாங்க. நான் என்னுதைச் சொல்லல.

அப்புறம், "இரு, எப்படிச் செய்யறேன்னு காட்டுறேன். உங்க அண்ணி எண்ணிக்கையில ஏமாத்துறா"ன்னு எழுந்து வாளிகிட்ட போனாங்க. பட்டியை என்னைத்தான் கட்டச் சொன்னாங்க. கட்டினேன். "எண்ணு"ன்னாங்க.

எண்ணினேன்.

பன்னிரண்டுல வாய் கோணிச்சு. இருபதுல உதட்டைக் கடிச்சாங்க. முப்பதுக்கு மேல சிரிச்சுக்கிட்டே செஞ்சாங்க, நான் பார்க்கிறேன்னு. முப்பத்தொன்பதுக்கு மேல எனக்கு வாய் வரல. அவங்களே "நாற்பது"ன்னு சொல்லிட்டு, "சரியா வருதா?"ன்னு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

வருதும்மான்னேன்.

மிளகா